வலப்பக்கத்துக் குதிரை

ஒரு செஸ் ஆட்டம் டிராவில் முடிய வேண்டும் என்று நான் பட்ட பாட்டைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். உங்கள் கணவரும் உங்கள் தம்பியும் ஒரே பலகைக்கு முன்னால் எதிரெதிரே உட்காரும் நாள் வரும், அப்போது நான் சிரிக்கிறேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னறையில் ஒரு மூலையில் நான் கண் பரிசோதிக்கிறேன். இன்னொரு பக்கம் என் தம்பி, வருகிறவர் முகத்துக்குத் தோதான பிரேமைத் தேடி, காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காரவைக்கிறான். பின்னறையில் என் வீட்டுக்காரர் லென்ஸ் தேய்க்கிறார். நடுவே ஒரு தடுப்பு, அதில் சின்னதாக ஒரு ஜன்னல். தேய்க்கிற சக்கரம் நாள் முழுக்கத் தண்ணீரை வாரி இறைப்பதால் பின்னறையில் காகிதம் தங்காது. அதனால் எங்கள் கடையில் எல்லாமே வாய்வழிதான். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி, "வலது, மூக்கிலேர்ந்து முப்பத்தொண்ணு!" என்று கத்துவான். மூக்கின் நடுவிலிருந்து கண்மணி எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்ற கணக்கு அது. அவர் உள்ளேயிருந்து, "வலது, முப்பத்தொண்ணு!" என்று திருப்பிக் கத்திவிட்டுத்தான் லென்ஸை வெட்டுவார். திருப்பிச் சொல்லாமல் சக்கரத்தில் கை வைக்கக்கூடாது. அது கடையின் சட்டம்.

ஆக, இந்த இரண்டு வாயும் பேசினால்தான் ஊரில் நாலு பேருக்குக் கண் தெரியும். புரிகிறதா என் நிலைமை?

போன வருஷம் நூலகத்தில் நடந்த போட்டியில் தம்பி அவரைத் தோற்கடித்தான். அன்றைக்கு வாயை மூடியவர், மழைக்காலம் வந்து போகும்வரை அவனிடம் திறக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவர் ஜெயித்தார். தம்பி எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு வருஷமும் தடுப்புக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்து நடந்து என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். "அவன்கிட்ட கேளு" என்பார் இவர். "அவர்கிட்ட சொல்லு" என்பான் அவன். அந்தக் குழப்பத்தில் ஒரு தையற்காரருக்கு இடது லென்ஸ் வலதிலும் வலது லென்ஸ் இடதிலும் போய் உட்கார்ந்துவிட்டது. மனிதர் சட்டைக்கையோடு தன் விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு, அந்தச் சட்டையோடே கடைக்கு வந்து நின்றார். நல்ல வேளை, சட்டை அவருடையது.

இந்த வருஷம் விஷயம் அதைவிடப் பெரிது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, கண் மங்கலான பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எங்கள் கடையிலேயே கண்ணாடி செய்யச் சொல்லியிருந்தார். பரிசோதித்தது நான்தான். கரும்பலகை எங்கே என்று கேட்டால் கதவைக் காட்டிய பிள்ளைகள் இருந்தார்கள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தும் எழுத்துத் தெரியாமல், படிப்பு வராத மக்கு என்று பெயர் வாங்கியவர்கள். லீவு முடிந்து பள்ளி திறக்கும் காலையில் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கிலும் கண்ணாடி இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அளவெடுக்கப் பிள்ளைகள் வரவேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போட்டியின் கடைசிச் சுற்று. யாரோடு யார் ஆடுவது என்று நூலக வாசலில் ஒட்டினார்கள். போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வெள்ளை, என் தம்பிக்குக் கறுப்பு.

அன்று மாலை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரையும் நிற்கவைத்தேன்.

"இந்தத் தடவை டிரா. ரெண்டு பேருக்கும் அரை அரை பாயின்ட். பேச்சு முடிஞ்சுது."

"டிராவா?" என்றார் அவர், ஏதோ நான் அவருடைய மீசையைக் கேட்டதுபோல. "ஆடாமலே கையைக் குலுக்கிட்டு வரச் சொல்றியா? அதுக்கு நான் வீட்லயே படுத்துக்கிடலாம்."

"நான் ரெடிதான்க்கா," என்றான் தம்பி. "மாமாவுக்குத் தோக்க பயமா இருந்தா நான் என்ன பண்ண முடியும்?"

"யாருக்குடா பயம்?"

"போதும்!" என்றேன். "உங்கள்ல யாராவது ஒருத்தர் ஜெயிச்சு வந்தீங்க, மறுநாளே நான் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிடுவேன். அவங்க கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அப்புறம் நீங்களே ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கங்க."

அது வேலை செய்தது. கண் பரிசோதிக்க வேறு ஆள் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மற்றபடி என் மேலுள்ள பாசம் என்று நான் ஏமாறவில்லை.

ஆனால் டிரா செய்வதிலும் ஒரு சிக்கல். போட்டியின் நடுவர் எங்கள் நூலகர். எதற்கெடுத்தாலும் உதட்டில் விரலை வைப்பதால் ஊரில் அவருக்கு உஷ் சார் என்றுதான் பெயர். உஷ் சாருக்குக் கைகுலுக்கி டிரா செய்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. நாற்பது நகர்வு ஆடாமல் டிரா என்ற வார்த்தையை எடுத்தால் இரண்டு பேருக்கும் முட்டை போட்டுவிடுவார். ஒரே ஒரு வழிதான் உண்டு. காய்கள் அத்தனையும் அச்சு மாறாமல் அதே இடங்களில் மூன்று முறை வந்து நின்றால், அதைச் சுட்டிக்காட்டினாலே ஆட்டம் டிரா. அதை உஷ் சாராலும் தடுக்க முடியாது.

என் வீட்டுக்காரர் அதற்கொரு திட்டம் போட்டார். இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நடுவுக்குத் தள்ள வேண்டும். பிறகு ஆளுக்கு இரண்டு குதிரைகளையும் வெளியே எடுக்க வேண்டும். நான்கு குதிரைத் திறப்பு என்று அதற்குப் பெயராம். அதன்பின் நாடகம். இவர் மந்திரியை ஒரு கட்டம் வெளியே கொண்டுவருவார். தம்பி ராஜா பக்கத்துக் குதிரையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்புவான். இவர் மந்திரியைத் திரும்ப உள்ளே தள்ளுவார். அவன் குதிரையைத் திரும்ப வெளியே எடுப்பான். மறுபடியும் அதே. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"ஒண்ணை மட்டும் மறந்துடாத, மச்சான்," என்றார். "ராஜா பக்கத்துக் குதிரைதான் வீட்டுக்குப் போகணும். இன்னொண்ணு உன் சிப்பாய்க்குக் காவல். அது அசையக்கூடாது."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க, மாமா."

ஒத்திகை அந்த வாரம் முழுக்க நடந்தது. எப்படி நடந்தது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கூட்டம். தம்பியால் நகர முடியவில்லை. அவர் வேலைக்கு நடுநடுவே பின்னறையிலிருந்து வந்து, கறுப்புக் காய்கள் தம்பி பக்கம் இருக்கும்படி கவுன்டரில் பலகையைப் போட்டு, இரண்டு பக்கத்தையும் தானே நகர்த்திக் காட்டுவார். தம்பி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் மாட்டிய பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் யாருக்காவது பிரேம் மாட்டிக்கொண்டிருப்பான். பிரேம் போட்டவர் தன் அழகைப் பார்க்க, இவன் அவர் தோளுக்கு மேலே அதே நிலைக்கண்ணாடியில் பலகையைப் பார்ப்பான். "சரி, சரி, பார்த்துட்டேன். அந்தக் குதிரை போகுது, வருது. அவ்வளவுதானே?" என்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பிக்குக் கிட்டப்பார்வை. நானே பரிசோதித்து, நானே பவர் எழுதிக் கொடுத்தேன். ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டுகிறவன் தான் மட்டும் போடமாட்டான். முகவெட்டுப் போய்விடுமாம். அந்த முகத்தை அவன் எந்தக் காலத்தில் தெளிவாகப் பார்த்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு தள்ளி இருந்த பலகையில் ராஜாவும் ராணியும் அவனுக்கு இரண்டு உயரமான குச்சிகள். வலப்பக்கத்துக் குதிரை போகிறது, வலப்பக்கத்துக் குதிரை வருகிறது என்று மனதில் ஏற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பறையில் நீளமான மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பலகைகள் போட்டிருந்தார்கள். செய்தித்தாள் படிக்க வந்தவர்கள் செய்தித்தாளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் முதல் வரிசையில், இருவர் முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். உஷ் சார் கடிகாரங்களைத் தட்டிவிட்டார்.

சிப்பாய்கள் வந்தன. குதிரைகள் வந்தன. எல்லாம் பேசிவைத்தபடி. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. திரும்பும் வழியில் மூன்று பேருமாக எங்காவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தேன். அவர் மந்திரியை ஒரு கட்டம் வெளியே கொண்டுவந்தார். தம்பி பலகையைப் பார்க்கக்கூட இல்லை. பேசிவைத்த ஆட்டத்துக்கு எதற்குப் பார்க்க வேண்டும்? பின்வரிசையில் யாருக்கோ புருவத்தை உயர்த்திக்கொண்டே கையை நீட்டி, வலப்பக்கத்துக் குதிரையை எடுத்து வீட்டில் வைத்தான்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நிலைக்கண்ணாடியில் அவன் வலது கைப்பக்கம் தெரிந்தது ராஜாவின் குதிரை. திரும்பிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் அது இடது கைப்பக்கம். மடையன், ராணி பக்கத்துக் குதிரையை, அந்தக் காவல்காரனை, வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நடுவில் நின்ற சிப்பாய் நாதியில்லாமல் நின்றது.

என் வீட்டுக்காரரின் கை மந்திரியைத் தொடப் போனது. பாதியில் நின்றது. அவர் சிப்பாயைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். கண்ணை உருட்டினேன். வேண்டவே வேண்டாம். மந்திரியை உள்ளே தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும், அடுத்த நகர்வில் அவனே குதிரையைத் திரும்ப வெளியே எடுத்துவிடுவான். அது அவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒற்றைச் சிப்பாயின் பின்னால் நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. அவர் மறுபடியும் சிப்பாயைப் பார்த்தார். காலண்டரில் கிழிக்காத தேதியைக் கண்டாலே கை பரபரக்கும் மனிதர் அவர். சும்மா கிடக்கிற சிப்பாயை விடுவாரா?

எடுத்துவிட்டார்.

"மாமா!" என்று அலறினான் தம்பி.

"உஷ்ஷ்!" என்றார் நடுவர்.

அவ்வளவுதான். "நீ தப்பா வச்சுட்டடா" என்று இவர் சொல்ல முடியாது. "நீங்க ஏன் எடுத்தீங்க" என்று அவன் கேட்க முடியாது. தன் சிப்பாய் எப்படி அநாதையானது என்று அவன் யோசிக்கவே இல்லை. மாமா துரோகம் செய்துவிட்டார். அதுதான் அவன் கண்டது. இவரோ, வேண்டுமென்றே தூண்டில் போட்டுவிட்டு அலறுகிறான் பார் என்று பல்லைக் கடித்தார். நான் நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கும் ஒரு உஷ் வந்தது.

பிறகு நடந்தது ஆட்டமா, கொலையா? அவர் ஒன்றை எடுத்தால் இவன் ஒன்றை எடுத்தான். காயைக் கட்டத்தில் வைக்கவில்லை, ஆணி அடித்தார்கள். மற்ற ஆட்டங்களெல்லாம் முடிந்து, கூட்டம் முழுக்க எங்கள் பலகையைச் சுற்றி நின்றது. "என்னமா ஆடுறாங்க! இதுவல்லவா போராட்டம்!" என்று ஒரு பெரியவர் காதோடு காதாக என்னிடம் சொன்னார். பதிலுக்கு நான் பார்த்த பார்வையில் அவர் வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

ராணிகள் போயின. யானைகள் போயின. அந்தப் பாழாய்ப்போன சிப்பாய் வித்தியாசமும் கடைசியில் அடிபட்டுப் போயிற்று. பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றார்கள். அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அதாவது, டிரா. இவர்கள் நிறுத்தினார்களா? அவர் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். இவன் ஒரு கட்டம் நகர்த்தினான். இரண்டு கிழட்டு ராஜாக்களும் காலி மைதானத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு சுற்றிவந்தார்கள். உஷ் சார் இரண்டு கடிகாரங்களையும் நிறுத்தி, "முடிஞ்சுதுய்யா, டிரா!" என்று முதல் தடவையாகக் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

டிராவைக் கண்டால் ஆகாத அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நேர்மையான ஆட்டத்தை இந்த அறை பார்த்ததே இல்லை என்று பேசி, சிறந்த போராட்டத்துக்கான பரிசை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு மேசைவிளக்கு. இருவரும் தொடமாட்டோம் என்று நின்றதால் நான் போய் வாங்கிக்கொண்டேன். அதில் பல்பு இல்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது பாருங்கள். அரை பாயின்ட், அரை பாயின்ட். தோல்வியென்றால் ஒரு மூஞ்சிதான் தூக்கிக்கொள்ளும். டிரா என்பதால் இரண்டு மூஞ்சியும் தூக்கிக்கொண்டன. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர். விளக்கு என் மடியில்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் அம்மாக்களோடு வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் வரும்போதே கவுன்டரில் பலகையைப் போட்டு, அந்தக் காவல் போன சிப்பாயை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போனார். நியாயம் யார் பக்கம் என்று ஊர் பார்க்கட்டுமாம். தம்பி முதல் பெண்பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, அளவுகோலை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. வலது, இருபத்தெட்டு."

"ஜன்னல் அங்கேதானே இருக்கு? நீயே சொல்லு."

அவன் அளவுகோலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே சக்கரம் வெறுமனே சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. தெரியாத்தனமாக இந்த இரண்டு மரமண்டைகளையும் நம்பி ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தச் சின்னப்பெண் வாயைத் திறந்தாள். அவள் பவருக்கு லென்ஸ் போட்டு நான் கொடுத்திருந்த சோதனைப் பிரேமை மூக்கில் வைத்துக்கொண்டு, நிலைக்கண்ணாடிக்குள் பார்த்து, "அங்கிள், அங்க கறுப்புல வலது பக்கக் குதிரை மட்டும் வெளிய நிக்குது," என்றாள்.

தம்பியும் நிலைக்கண்ணாடிக்குள் பார்த்தான். திரும்பிப் பலகையை நேரே பார்த்தான். மறுபடி நிலைக்கண்ணாடி. மறுபடி பலகை. கிட்டே போய், மூக்கு ராஜாவில் இடிக்கும்வரை குனிந்து பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மாமா," என்றான் ஜன்னலில். "வீட்டுக்குப் போக வேண்டியது... இடப்பக்கத்துக் குதிரையா?"

சக்கரம் நின்றது. கையில் ஈரத்தோடு அவர் வெளியே வந்தார். இவன் நிலைக்கண்ணாடியைக் காட்டினான், தன் கண்ணைக் காட்டினான், தலையைத் தொங்கப்போட்டான். அவர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி! நீ தூண்டில் போடறேன்னு நான் நினைச்சேன்டா!"

"நீங்க கவுத்துட்டீங்கன்னு நான் நினைச்சேன், மாமா!"

"கவுக்கலைடா. கண்ணு முன்னாடி கெடந்துச்சு, எடுத்துட்டேன். நானும் எடுத்திருக்கக்கூடாதுதான்."

தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மகராசன்கள், நன்றாக இருங்கள் என்று வாழ்த்தப் போனேன். அதற்குள் அவர் கேட்டார்:

"ஆமா, இந்த டிரா வேணும்னு முதல்ல சொன்னது யாரு?"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஒழுங்கா ஆட விட்டிருந்தா யாராவது ஒருத்தர் கௌரவமா ஜெயிச்சிருப்போம்," என்றான் தம்பி.

"நிம்மதியா தோத்திருப்போம்," என்றார் அவர்.

அன்றிலிருந்து இருவரும் என்னிடம் பேசுவதில்லை.

வேலை நடந்ததா? பிரமாதமாக நடந்தது. "வலது, இருபத்தெட்டு!" "வலது, இருபத்தெட்டு!" என்று வாரம் முழுக்க ஜன்னல் வழியே பாட்டுக் கச்சேரி. ஒரு லென்ஸ்கூட மாறவில்லை. பள்ளி திறந்த காலையில் நான் வாசலில் போய் நின்று பார்த்தேன். அத்தனை மூக்கிலும் கண்ணாடி. ஒரு பிள்ளை மரத்தைப் பார்த்து, "இலை தனித்தனியா இருக்கு!" என்று கத்தியது. அதைச் சொல்ல ஓடோடி வந்தேன். கடையில் கேட்க ஆள் இல்லை. இருந்த இருவரும் பலகைக்கு முன்னால் ஒரு பக்கமாகத் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, அந்த இரண்டு ராஜாக்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தம்பி மூக்கில் கண்ணாடி. நான் எழுதிய பவர்தான், அவர் தேய்த்துக் கொடுத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுருக்கென்றது. சொல்ல என்ன வெட்கம், பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று எங்கள் தபால்காரர் கண் காட்ட வந்தார். சோதனைப் பிரேமை அவர் முகத்தில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"அண்ணே, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட டீ போடுவாங்களான்னு கேளுங்க."

தபால்காரர் தொழில் பழக்கத்தில் உடனே என்னிடம், "டீ போடுவீங்களான்னு கேக்குறார்ம்மா," என்றார்.

"நேரமில்லைன்னு சொல்லுங்க," என்றேன். அப்புறம் ஒரு லென்ஸைத் துடைத்துப் போட்டுவிட்டு, "இன்னொண்ணும் சொல்லிடுங்க. அடுத்த வருஷப் போட்டிக்கு இன்னிக்குத்தான் உஷ் சார்கிட்ட என் பேரையும் கொடுத்துட்டு வந்தேன்," என்றேன்.

சக்கரம் நின்றது. தபால்காரர் வாயைத் திறக்கவே அவசியமில்லாமல் போயிற்று. ஜன்னலில் ஒரு தலை, தடுப்போரம் ஒரு தலை.

"நீயா? ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றார் அவர். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து.

"அக்கா, அவசரப்படாத," என்றான் தம்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டே. "உனக்கும் எனக்கும் ஆட்டம் வந்தா என்ன பண்றது? உனக்கும் மாமாவுக்கும் வந்தா வீடு என்ன ஆகுறது? மூணு பேரும் உக்காந்து முன்னாடியே பேசி வச்சுக்கலாம்க்கா."

நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரியைத் தபால்காரருக்குக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார்.

"அப்ப அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்கண்ணே," என்றேன். "டிரா கேட்டுக்கிட்டு யாரும் என்கிட்ட வரவேண்டாம்."